எடின்பரோ பழைய நகரின் இருண்ட வரலாற்று நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் மாலையானால் கோட்டைக்குக் கீழே உள்ள ராயல் மைல் தெருவில் கறுப்பு மேலங்கி போட்டவர்கள் துண்டுச் சீட்டோடு நிற்பார்கள். ஏழு மணிக்கு ஒரு பேய் நடை, ஒன்பதுக்கு ஒன்று, பத்துக்கு இன்னொன்று. போகலாமா, எதில் போகலாம், சொல்லும் கதைகளில் எது மெய் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

இது பேய்ச் சுற்றுலாவா, வரலாற்றுச் சுற்றுலாவா?

இரண்டு வகையும் உண்டு. விளம்பரத்தைப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். எல்லாவற்றிலும் மண்டை ஓடு போட்டிருப்பார்கள். பேய் வகையில் வழிகாட்டி நடிகர் மாதிரி. குரலை ஏற்றி இறக்குவார், விளக்கை அணைப்பார், சில நடைகளில் இருட்டுக்குள் ஒளிந்திருந்து மேலே பாய்வதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருப்பார். வரலாற்று வகையில் பெயர், ஆண்டு, வழக்கு விவரம் என்று போகும், சிரிப்பும் கலந்திருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. இந்த ஊரின் நீதிமன்றப் பதிவுகளுக்கு முன்னால் அதன் பேய்கள் ரொம்பச் சாது.

எடின்பரோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேய்க் கதைகள்?

நில அமைப்பைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். பழைய நகரம் ஒரு குன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு முனையில் கோட்டை, கிழக்கு முனையில் ஹோலிரூட் அரண்மனை, நடுவே சுமார் 1.8 கிலோமீட்டர் தெரு. அந்தத் தெருவின் இருபுறமும் ஆள் ஒருவர் போனால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய, ‘குளோஸ்’ எனப்படும் முடுக்குகள் சரிந்து இறங்குகின்றன. 1513-ல் ஃப்ளாடன் போரில் இங்கிலாந்திடம் தோற்ற பின் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. மதிலுக்கு வெளியே வீடு கட்ட மக்கள் அஞ்சினார்கள். பக்கவாட்டில் இடம் இல்லாததால் மேலே கட்டினார்கள். பத்து மாடிக்கு மேலும் போன கட்டடங்கள் இருந்தன. வடக்கே, இன்று பிரின்சஸ் தெருப் பூங்கா இருக்கும் பள்ளத்தில் நார் லாக் என்ற ஏரி. மேட்டில் குடியிருந்தவர்களின் கழிவெல்லாம் அதில்தான் இறங்கியது.

பிற்காலத்தில் நகரை விரித்தபோது பழைய தெருக்களை முழுதாக இடிக்கவில்லை. அவற்றின் மேலேயே கட்டினார்கள், பள்ளங்களுக்குக் குறுக்கே பாலம் போட்டார்கள். அதனால் இன்றைய தெருவுக்கு அடியில் நேற்றைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. அடுக்களையும் கணப்புமாக ஒரு வீடு மண்ணுக்கடியில் இருந்தால், அதில் யாரோ இன்னும் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு வழிகாட்டி கண்டிப்பாகக் கிளம்புவார்.

மேரி கிங்ஸ் குளோஸில் பிளேக் நோயாளிகளை உயிரோடு சுவர் வைத்து மூடினார்களாமே?

இல்லை. இந்த ஊரில் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான்.

மேரி கிங் என்பவர் 1630-களில் அந்த முடுக்கில் வாழ்ந்த விதவை, வணிகர். 1645-ல் பிளேக் நகரை வாரிக்கொண்டு போனது உண்மை. ஆனால் நகர மன்றம் செய்தது வேறு. நோய் கண்டவர்களில் பலரை ஊருக்கு வெளியே பர்க் மூர் என்ற புறம்போக்கில் போட்ட குடிசைகளுக்கு அனுப்பினார்கள். வீட்டிலேயே அடைபட்டவர்களுக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. முதல் பிளேக் மருத்துவர் நோயில் இறந்துபோக, ஜார்ஜ் ரே என்பவரை நியமித்தார்கள். தோல் அங்கியும் பறவை அலகு போன்ற முகமூடியும் அணிந்து வீடு வீடாகப் போய், புடைத்த கட்டிகளைக் கீறிச் சூட்டுக்கோலால் சுட்டார். அபாயத்துக்கு ஏற்பப் பெரிய சம்பளம் பேசியிருந்தார்கள். அவரும் செத்துவிடுவார், கொடுக்க வேண்டியிருக்காது என்று மன்றம் கணக்குப் போட்டதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். மனக்கணக்கு யாருக்குத் தெரியும்? அவர் பிழைத்துக்கொண்டதும், பேசிய பணத்துக்காகப் பல காலம் மன்றத்தோடு மல்லுக்கட்டியதும் மட்டும் நிச்சயம்.

முடுக்கு மூடப்பட்டதற்குக் காரணம் நோயே அல்ல. 1753-ல் அதன் மேல் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிக மன்றம் கட்டத் தொடங்கினார்கள். இன்றைய நகர மன்றக் கட்டடம் அதுதான். வீடுகளின் மேல்தளங்களை இடித்து, கீழ்த்தளங்களை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். மிஞ்சிய பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்கள் புழங்கினார்கள். 2003-ல் சுற்றுலாத் தலமாகத் திறந்தார்கள்.

பொம்மைகள் குவிந்துகிடக்கும் அறை?

அது ஆனி என்ற சிறுமியின் ஆவிக்காக. 1992-ல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆவியுலகக்காரர், பொம்மை தொலைந்து அழும் சிறுமி ஒருத்தி அங்கே இருப்பதாகச் சொன்னார். அன்று முதல் வருகிறவர்கள் பொம்மை வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு ஆனி இருந்ததற்கு எழுத்தில் எந்தத் தடயமும் இல்லை. பொம்மை வைக்க விரும்பினால் வையுங்கள், கேடில்லை.

பர்க்கும் ஹேரும் கல்லறை தோண்டிப் பிணம் திருடியவர்கள்தானே?

ஒரு கல்லறையைக்கூட அவர்கள் தோண்டவில்லை. தோண்டும் உழைப்பே வேண்டாம் என்று நேராகக் கொலைக்குப் போனவர்கள்.

அன்றைய எடின்பரோ ஐரோப்பாவின் பெரிய மருத்துவக் கல்வி நகரங்களில் ஒன்று. உடற்கூறியல் படிக்க உடல்கள் வேண்டும். சட்டப்படி கிடைத்தவை மிகச் சில. பற்றாக்குறையைக் கள்ளச்சந்தை நிரப்பியது. 1827 நவம்பரில், வெஸ்ட் போர்ட் பகுதியில் வில்லியம் ஹேர் நடத்திய விடுதியில் தங்கியிருந்த ஒரு முதியவர் வாடகை பாக்கியோடு இயற்கையாக இறந்தார். ஹேரும் அவருடைய கூட்டாளி வில்லியம் பர்க்கும் அந்த உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளிக்கு விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். யாரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஓராண்டுக்குள் 16 பேரைக் கொன்றார்கள். சாராயம் கொடுத்து மயங்கவைத்து, காயம் தெரியாதபடி மூச்சைத் திணறடிப்பதுதான் முறை. செத்தவர்கள் அநேகமாக எல்லாரும் தேடுவாரற்ற ஏழைகள்.

பிடிபட்டது கடைசிக் கொலையில். 1828 அக்டோபர் 31 இரவு மார்கரெட் டோச்சர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண் கொல்லப்பட்டார். அதே வீட்டில் ஒண்டியிருந்த கிரே தம்பதியர் மறுநாள் வைக்கோலுக்கு அடியில் உடலைப் பார்த்துவிட்டார்கள். வாரம் 10 பவுண்டு தருகிறோம், வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று பேரம் நடந்தது. அவர்களோ அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்கள். மறுத்துவிட்டுப் போலீஸுக்குப் போனார்கள். பல நடைகளில் இந்தத் தம்பதியின் பெயரே வராது. வந்தால் உங்கள் வழிகாட்டி படித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினார். விசாரணை கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் தொடங்கி, இரவெல்லாம் நடந்து, கிறிஸ்துமஸ் காலையில் முடிந்தது. 1829 ஜனவரி 28-ல் லான்மார்க்கெட்டில் பெருங்கூட்டத்தின் முன் பர்க்கைத் தூக்கிலிட்டு, தீர்ப்பின்படியே அவருடைய உடலையும் மாணவர்கள் முன் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவருடைய தோலில் செய்த ஒரு சிறு கைப்புத்தக உறை சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாக்ஸ் மீது வழக்கே இல்லை.

1832-ல் உடற்கூறியல் சட்டம் வந்தது. ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கும் உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. கொலைக்கான தேவை போயிற்று. மேசைக்கு வந்தவர்கள் மட்டும் மாறவில்லை, அதே ஏழைகள்தான்.

கல்லறைகள் மேல் இரும்புக் கூண்டு எதற்கு? உள்ளே இருப்பது வெளியே வராமல் இருக்கவா?

வெளியே இருப்பவர்கள் உள்ளே வராமல் இருக்க. அது பிணத்திருடர்களுக்கான பூட்டு. உடல் அழுகி விலை போகாத நிலைக்கு வரும்வரை சில வாரங்கள் கூண்டு இருக்கும், பிறகு அடுத்த குடும்பத்துக்குப் போகும். வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியான பாதுகாப்பு. கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கூண்டுகள் நல்ல நிலையில் உள்ளன. செயின்ட் கத்பர்ட் தேவாலய வளாகத்தில் பிணத்திருடர்களைக் கண்காணிக்கக் கட்டிய காவல் கோபுரமே நிற்கிறது.

கிரேஃபிரையர்ஸில் மெக்கென்சியின் ஆவி ஆட்களைத் தாக்குவது உண்மையா?

தாக்கப்பட்டதாகச் சொல்பவர்கள் நிறைய. கீறல், மயக்கம், திடீர்க் குளிர். ஆவியின் வயதைப் பாருங்கள். ஜார்ஜ் மெக்கென்சி இறந்தது 1691-ல். புகார்கள் எல்லாம் 1998-ன் கடைசியில், வீடற்ற ஒருவர் ஒதுங்க இடம் தேடி அவருடைய கல்லறை மண்டபத்துக்குள் புகுந்த சம்பவத்துக்குப் பிறகுதான் குவிகின்றன. அடுத்த ஆண்டே அங்கே இரவுச் சுற்றுலா தொடங்கியது. முந்நூறு ஆண்டு சும்மா கிடந்த ஆவி, நுழைவுச் சீட்டு வந்ததும் சுறுசுறுப்பானது என்றால் யோசிக்க வேண்டாமா?

மெக்கென்சி என்ற மனிதர் இந்தக் கதையைவிடச் சிக்கலானவர். அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, மன்னரின் சமயக் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்த கவனென்டர் குழுவினரை ஈவிரக்கமில்லாமல் தண்டித்தார். ‘ரத்த மெக்கென்சி’ என்ற பெயர் அதனால் வந்தது. அதே ஆள்தான் இளமையில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களுக்காக வாதாடியவர். சித்திரவதையில் வந்த ஒப்புதலை நம்பக்கூடாது என்று எழுதியவர். இன்றைய ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு மூலமான வழக்கறிஞர் நூலகத்தைத் தொடங்கியவரும் அவரே.

உண்மையில் நடுங்க வேண்டியது பக்கத்திலேயே இருக்கிறது. 1679 ஜூனில் போத்வெல் பாலத்தில் தோற்ற கவனென்டர்களில் ஏறக்குறைய 1,200 பேரைப் பிடித்துவந்து, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில் திறந்தவெளியில் அடைத்தார்கள். கூரை கிடையாது, சோறு சொற்பம். கையெழுத்துப் போட்டுப் பணிந்தவர்கள் வெளியேறினார்கள். நவம்பரில் மிஞ்சியிருந்த 250-க்கும் மேற்பட்டோரைக் குடியேற்றத் தீவுகளுக்கு அடிமை வேலைக்கு அனுப்பக் கப்பல் ஏற்றினார்கள். டிசம்பரில் ஆர்க்னி தீவருகே கப்பல் உடைந்தது. அடித்தளத்தில் அடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மூழ்கினார்கள். இப்போது பூட்டுப் போட்டுக் காட்டும் ‘கவனென்டர் சிறை’ அந்த மைதானத்தின் ஒரு துண்டுதான். அதற்குள் இருக்கும் கல்லறை மண்டபங்கள் பின்னாளில் வந்தவை. சரியான சுற்றுலாவோடு போனால்தான் கதவைத் திறப்பார்கள்.

ஆவியைச் சீண்டப் போகிறோம் என்று வீராப்புப் பேசுபவர்களுக்கு ஒன்று. 2003-ல் இரண்டு இளைஞர்கள் மெக்கென்சியின் மண்டபத்துக்குள் புகுந்து ஒரு மண்டை ஓட்டை எடுத்து விளையாடினார்கள். ஆவி ஒன்றும் செய்யவில்லை. நீதிமன்றம் கல்லறையை இழிவுபடுத்திய குற்றத்துக்குத் தண்டித்தது.

கிரேஃபிரையர்ஸ் வாசலில் உள்ள பாபி என்ற நாயின் சிலையின் மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டமாமே?

அண்மைக்காலப் புனைவு. 1873-லிருந்து நிற்கும் சிலை. தடவித் தடவி மூக்கு தேய்கிறது. விட்டுவிடுங்கள்.

சூனியக்காரிகளை எரித்த இடம் எது?

கோட்டை வாசலை ஒட்டிய காசில்ஹில். அங்கே சுவரில் பதித்த சிறு வார்ப்பு நீர்த்தொட்டி ஒன்று உண்டு, 1894-ல் ஜான் டங்கன் வடிவமைத்தது. தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஸ்காட்லாந்தில் சூனியச் சட்டம் 1563-லிருந்து 1736 வரை இருந்தது. அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். உயிரோடு எரித்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் கம்பத்தில் கட்டிக் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே எரித்தார்கள். ஒப்புதல் வாங்க அவர்கள் அதிகம் நம்பியது தூங்கவிடாமல் வைப்பதை. நாள் கணக்கில் உறக்கமில்லாதவர் எதையும் ஒப்புக்கொள்வார். மன்னர் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க்கிலிருந்து மணமகளோடு திரும்பும்போது கடலில் புயல் அடித்தது. அதற்குச் சூனியம்தான் காரணம் என்று நார்த் பெர்விக் வழக்கு வெடித்தது. வைத்தியம் பார்த்துப் பிழைத்த ஆக்னஸ் சாம்ப்சனை மன்னரே விசாரித்தார். 1591-ல் அவரைக் கொன்றார்கள்.

நீர்த்தொட்டிக்கு மேலே உள்ள விளக்கப் பலகையை நின்று படியுங்கள். அவர்களில் சிலர் தங்கள் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தினார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். கொல்லப்பட்டவர்கள் மீது இன்னும் பழி போடுகிற வரி. 2022 மார்ச் 8-ல் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்ட பிறகும் அந்த வரியை யாரும் மறந்துவிடக் கூடாது.

சவுத் பிரிட்ஜ் நிலவறைகளில் ஏதாவது தெரியுமா?

ஏதாவது உணர வாய்ப்பு அதிகம். 1788-ல் திறந்த அந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள். வெளியே தெரிவது கௌகேட் தெருவுக்கு மேலே உள்ள ஒன்றுதான். மற்ற வளைவுகளின் இருபுறமும் கட்டடங்கள் எழுந்து, உள்ளே நிலவறைகள் உண்டாயின. முதலில் பட்டறைகளும் கிடங்குகளும். பாலம் ஒழுகத் தொடங்கியதும் வியாபாரிகள் போய்விட, கதியற்றவர்கள் குடிவந்தார்கள். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, தண்ணீர் சுவரில் வழிந்தது மட்டும். பிறகு இடிபாடு கொட்டி மூடிய அறைகளை 1980-களில்தான் மறுபடி தோண்டினார்கள்.

2001-ல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை இந்த அறைகளில் உட்காரவைத்துச் சோதித்தார். பேய் உண்டு என்று பெயர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேர் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள். அறையின் பேரை முன்பே கேள்விப்படாதவர்களும் அப்படியே சொன்னார்கள். பேய் ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த அனுபவங்கள் அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றோடு ஒத்துப்போயின என்பது ஆய்வின் அடுத்த பாதி. சில இடங்கள் உடம்பை உஷார்ப்படுத்துகின்றன, அவ்வளவுதான்.

சுரங்கத்தில் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுகருவியை ஊதிக்கொண்டே காணாமல் போன சிறுவன்?

கோட்டையிலிருந்து ஹோலிரூட் வரை சுரங்கம் இருப்பதாகவும், வழி பார்க்க அனுப்பிய பைப்பர் சிறுவனின் இசை பாதியில் நின்றதாகவும் கதை. ஸ்காட்லாந்தில் வேறு பல கோட்டைகளுக்கும் குகைகளுக்கும் இதே கதை உண்டு. நம் பக்கத்தில் கோயிலுக்குக் கோயில் அரண்மனைக்குப் போகும் சுரங்கப்பாதை இருப்பது போலத்தான். கேட்க நன்றாக இருக்கும், கேளுங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

மாலை நேர நடைகளில் குடும்பத்துக்கென்றே சில உண்டு. பின்னிரவு நடைகள் பல பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: மேலே பாய்கிற ஆள் உண்டா, சித்திரவதை விவரங்கள் எவ்வளவு வரும். பிள்ளைகள் பேய்க்குச் சிரித்துவிடுவார்கள், சித்திரவதைக் கருவியைத்தான் மறக்கமாட்டார்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து ஆகும். எட்டு மணி ‘இருள் நடை’ பளிச்சென்ற வெயிலில் நடக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஆனால் காற்று அறுக்கும். ஆகஸ்டில் கலை விழாக் கூட்டம், முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது சிரமம். அக்டோபர் கடைசியும் அப்படியே. அக்டோபர் முற்பாதி, அல்லது பிப்ரவரி மார்ச் என் தேர்வு.

நடக்கக் கஷ்டமா?

தூரம் அதிகமில்லை, ஒன்றரை இரண்டு மணி நேரம். சிக்கல் ஏற்ற இறக்கமும் படிகளும்தான். கருங்கல் பாவிய தெரு மழையில் வழுக்கும், மழை எந்த மாதமும் வரும். குடை காற்றில் திரும்பிவிடும், தலைமூடியுள்ள மழைச்சட்டை மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் தரைக்கு மேலே மட்டும் போகும் நடையைத் தேர்ந்துகொள்ளலாம். சக்கர நாற்காலிக்கு நிலவறைகள் பெரும்பாலும் ஒத்துவராது. அடைந்த இடம் ஆகாதவர்கள் கிளம்பும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், வெளியேறும் வழி பக்கம் நிற்கவைப்பார்.

ஆங்கிலம் புரியுமா?

வழிகாட்டிகள் வெளியூராருக்குப் பழகியவர்கள். கிளைமாக்ஸில் உச்சரிப்பு வேகமெடுக்கும். முன்வரிசையில் நில்லுங்கள்.

இலவச நடை உண்மையிலேயே இலவசமா?

பதிவுக்குப் பணம் இல்லை. முடிவில் கொடுப்பதுதான் வழிகாட்டியின் கூலி. கூட்டத்தோடு நழுவுவது அழகல்ல. இலவச நடைகள் நிலவறைக்குள்ளோ பூட்டிய சிறைக்குள்ளோ போகாது. அவற்றுக்குக் கட்டண நடைதான்.

வழிகாட்டி சொல்வதை எப்படிச் சோதிப்பது?

நடுவில் குறுக்கிட வேண்டாம், நடை முடிந்ததும் கேளுங்கள்: “இது எந்தப் பதிவில் இருக்கிறது?” நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், மாதாகோயில் பதிவேடு, வழக்கு ஆவணம் என்று இறங்கிவிடுவார். “எல்லாருக்கும் தெரியும்” என்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு வழி, அவர் பெய்ஸ்லி குளோஸ் வாசலில் நிற்கிறாரா என்று பார்ப்பது. 1861 நவம்பர் 24 பின்னிரவில் அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அப்படியே சரிந்து 35 பேர் இறந்தார்கள். மீட்பவர்கள் கைவிடும் நேரத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஜோசப் மெக்கைவர் என்ற சிறுவன், இழுங்கடா, நான் இன்னும் சாகவில்லை என்று குரல் கொடுத்தான். அவன் முகமும் சொல்லும் இன்று வாசலுக்கு மேலே கல்லில் இருக்கின்றன. அந்த விபத்தின் அதிர்ச்சியில்தான் நகரம் 1862-ல் ஹென்றி லிட்டில்ஜானைத் தன் முதல் சுகாதார அதிகாரியாக நியமித்தது. பேய் இல்லாத இடம் என்பதால் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

வழிகாட்டி இல்லாமல் நானே நடக்கலாமா?

தாராளமாக, அதுவும் பகலில். காசில்ஹில் நீர்த்தொட்டியில் தொடங்கி லான்மார்க்கெட் வழியாக இறங்குங்கள். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தருகே தரைக்கல்லில் இதய வடிவம் இருக்கும். 1817-ல் இடித்த பழைய சிறை நின்ற இடம் அது. உள்ளூர்க்காரர்கள் அதில் துப்புவார்கள், பார்த்து நில்லுங்கள். பெய்ஸ்லி குளோஸ் பார்த்துவிட்டுத் திரும்பி, கௌகேட்டில் இறங்கி அந்த ஒற்றை வளைவின் கீழ் நடந்தால் கிராஸ்மார்க்கெட். தூக்குமேடை நின்ற சந்தை அது. 1724-ல் அங்கே தூக்கிலிடப்பட்ட மேகி டிக்சன், ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் சவப்பெட்டிக்குள் விழித்துக்கொண்டார், மேலும் பல்லாண்டு வாழ்ந்தார். அங்கிருந்து ஏறினால் கிரேஃபிரையர்ஸ், அதற்கு நேர் எதிர்ப்புறம் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். இரண்டுக்கும் நுழைவு இலவசம்.

அருங்காட்சியகத்தில் ‘மெய்டன்’ என்ற தலைவெட்டும் பொறியைக் கேளுங்கள். பிரெஞ்சு கில்லட்டினுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது. பிறகு, 1836-ல் முயல் பிடிக்கப் போன சிறுவர்கள் ஆர்தர்ஸ் சீட் குன்றில் கண்டெடுத்த சின்னஞ்சிறு சவப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மரப்பொம்மை. 17 இருந்தன, இப்போது 8 மிஞ்சியுள்ளன. யார், எதற்குச் செய்தார்கள் என்று இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை. பர்க், ஹேர் விற்ற 17 உடல்களோடு எண்ணிக்கை பொருந்துகிறது என்று ஒரு வாதம் உண்டு. அருங்காட்சியகம் மாலை ஐந்துக்கு மூடிவிடும். அதனால் நடையை மதியத்துக்கு முன்பே தொடங்குங்கள்.